ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளை

ஹரோ, லண்டன்
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுசிலா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் நோ எப்படி? போன தடவை அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா, இல்லை வழக்கம்போல அலுமாரிக்குள் வைத்துவிட்டீர்களா?

போனில் உங்களுக்குக் காது கேளாது என்பதற்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் யாராவது ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தட்டிவிடுவார்கள். கடதாசிக்கு அந்தப் பயம் கிடையாது. வாசித்ததும் கிழித்துப்போடுங்கள்.

லக்‌ஷிகாவுக்கு வலிப்பு, அக்கா. பள்ளிக்கூட லீவு தொடங்கிய கிழமை, காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே சரிந்தாள். கண் மேலே செருகி, கை கால் வெட்டி, வாயில் நுரை. எங்கள் பாலன் அண்ணைக்கு வந்ததை நீங்களும் பார்த்தவர்கள், நான் விளக்கத் தேவையில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். பிறகு ஆவணியில் இன்னொரு தரம்.

இவருடைய கொம்பனி எங்கள் மூன்று பேருக்கும் பிரைவேட் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. இன்சூரன்ஸ்காரரின் வீடியோ டாக்டரோடு கதைத்து, அவர் மூலமாக ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். காத்திருப்பு இல்லை, இருக்கத் தந்த கதிரைகூடத் தோல் கதிரை. மருந்தும் தொடங்கியாயிற்று, காலையும் இரவும் சிரப். "என்.எச்.எஸ். அரசாங்க வைத்தியம்தானே, எங்கையும் ஓடிப்போகாது. அது பின்னுக்கு நிக்கட்டும், முன்னுக்கு இது" என்கிறார் இவர்.

உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இங்கே என்.எச்.எஸ். குடும்ப டாக்டரின் இடத்தைச் சேர்ஜரி என்பார்கள், எங்கள் சேர்ஜரியின் முன்மேசையில் இருப்பது கிளறிற்றா. ஊரிலே இளவாலை ஆள். ஹரோவில் அவவுக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அவவின் மகளும் லக்‌ஷிகாவும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள். அங்கே கொம்பியூட்டரில் இந்த வருத்தத்தின் பெயர் ஏறினால் அடுத்த சனிக்கிழமை வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். பொம்பிளைப் பிள்ளை, அக்கா. உங்களுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
சுசிலா


டோர்ட்முண்ட், ஜெர்மனி
27.09.2024

என் தங்கச்சிக்கு,

முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. எண்ணெய் அலுமாரிக்குள்தான் இருக்கிறது, உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ. நீயும் தவராசாவும் பிள்ளையும் தைரியமாக இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. செல்லம் விழுந்தபோது எங்காவது அடிபட்டதா? நீ அதை எழுதவில்லை.

இங்கே என் வீட்டுக்குக் கீழே இருக்கிற ஜெர்மன் பிள்ளை ஒருத்திக்கும் இதுதான். மருந்து குடித்துக்கொண்டு சைக்கிள் ஓடித் திரிகிறாள். நீ பயப்படாதே. ஆனால் சில விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொன்னாயா? தமிழ் வகுப்பில்? திடீரென்று விழுந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு என்ன செய்வதென்று தெரிய வேண்டாமா? எல்லாவற்றையும் விட, பிள்ளை என்ன சொல்கிறாள்? அவளுக்கு என்ன வருத்தமென்று அவளுக்குச் சொன்னீர்களா?

நீ கிழிக்கச் சொன்னாய். நான் கிழிக்கவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன், இங்கே வாசிக்க ஆர் இருக்கினம்?

செல்லத்துக்கு என் முத்தம்.

கலாவதி அக்கா


ஹரோ
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி அமைதியாகப் போனது. நீங்கள் அனுப்பிய சட்டை லக்‌ஷிகாவுக்குக் கொஞ்சம் தொளதொளப்பு, அதனால் அடுத்த வருடமும் போடலாம். குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

எல்லாம் நன்றாகப் போகிறது. தலையில் வயர் ஒட்டிப் பார்க்கிற பரிசோதனை, ஸ்கான் எல்லாம் முடித்துவிட்டார்கள். மருந்து தொடங்கிய பிறகு ஒரு தரமும் வரவில்லை. பெரிய டாக்டர் நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் "உங்கள் குடும்ப டாக்டருக்கு, ஜீ.பி.க்கு, நான் எழுத வேண்டும், பிள்ளையின் பாதுகாப்புக்கு அது முக்கியம்" என்று நெருக்குவதுதான் ஒரே கரைச்சல். நாங்கள் சேர்ஜரி மாறப்போகிறோம், புது விலாசம் கிடைத்ததும் தருகிறோம் என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். இவர் கணக்காளர், முகம் மாறாமல் சொல்லுவார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீச்சல் மட்டும் நிறுத்தியாயிற்று. காதில் பிரச்சினை என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

இன்று இவரின் சிநேகிதர் குடும்பம் சாப்பிட வருகிறது, கத்தரிக்காய் அடுப்பில் நிற்கிறது. பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

சுசிலா


டோர்ட்முண்ட்
24.11.2024

சுசிலாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கத்தரிக்காய் கருகாமல் வந்ததா? என் கேள்விகளை நீ அடுப்பிலேயே விட்டுவிட்டாய். பள்ளிக்கூடத்துக்குக் காது என்று சொன்னாய், சரி. செல்லத்துக்கு என்ன சொன்னாய்?

கிளறிற்றாவின் வாயைப் பற்றி நீ எழுதுகிறாய். அவ எப்போதாவது ஒரு ஆளின் வருத்தத்தை வெளியே சொன்னதை நீ உன் காதால் கேட்டிருக்கிறாயா? கேட்டிருந்தால் எழுது, நானும் சேர்ந்து பேசுகிறேன்.

சொக்லேட்டும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். சொக்லேட் செல்லத்துக்கு, உனக்கில்லை.

அக்கா


ஹரோ
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிந்திய பொங்கல் வாழ்த்து. உங்கள் முழங்கால் நோவோடு இடுப்பில் நாரி நோவும் சேர்ந்துகொண்டது என்று பிரவின் இவருக்குச் சொன்னானாம். மாற்றாந்தாய்க்கு அந்தளவுக்காவது போன் எடுத்துப் பார்க்கிறானே, சந்தோஷம்.

லக்‌ஷிகாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் ஒரு கரைச்சலும் தருவதில்லை. "ஆருக்கும் சொல்லாதை, அம்மாவுக்குக் கூடாத பேர் வரும்" என்று ஒருநாள் சொன்னேன், அதோடு விளங்கிக்கொண்டாள். சரியான புத்தி. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் இப்போது நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தானே மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் வாசிப்பாள். போகும்வரை சத்தமே வராது. மற்றப் பிள்ளைகள் கீழே கூத்தடிக்கும்.

புதுக் கரைச்சல் ஒன்று. இன்சூரன்ஸ்காரர் இனி காசு கட்டமாட்டார்களாம். திடீரென்று வந்து மாறிப்போகிற வருத்தத்துக்குத்தானாம் அவர்களின் காப்புறுதி. கண்டுபிடித்துத் தந்தாயிற்று, மருந்தும் பிடித்துக்கொண்டது, இது நெடுகலும் இருக்கப்போகிற வருத்தம், ஆகவே என்.எச்.எஸ்.ஸிடம் போங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். இவர் போனில் கத்தினார். முதல் நாள் கையெழுத்து வைத்த தாளிலேயே அது இருக்கிறதாம். ஊரான் கணக்கெல்லாம் பார்க்கிற மனிதர், சொந்தத் தாளை வாசிக்கவில்லை.

சேர்ஜரிக்குப் போகத்தான் வேண்டும். வேறு இடத்தில் பதியலாமா என்று பார்க்கிறோம். பக்கத்துச் சேர்ஜரிகளில் எல்லாம் யாரோ ஒரு தெரிந்த ஆள் இருக்கிறது. கடைசியாக எழுதித் தந்த மருந்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சுசிலா


டோர்ட்முண்ட்
30.01.2025

சுசிலா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நாளைக்கே சேர்ஜரிக்குப் போ. தவராசா கத்தியது போதும், அவரைக் கூட்டிக்கொண்டு போ. மருந்து "கொஞ்சம் இருக்கிறது" என்றால் என்ன? காலையும் இரவும் ஒழுங்காகக் கொடுக்கிறாயா? இந்த ஒரு கேள்விக்காவது பதில் எழுது.

பிள்ளை தானே போய்க் கதவைச் சாத்துகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நான் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். அதைப் பற்றி எழுத இன்று என்னால் ஏலாது.

அக்கா


டோர்ட்முண்ட்
09.03.2025

தங்கச்சிக்கு,

நீ பதில் எழுதவில்லை. பிரவினைக் கொண்டு போனில் தகவல் அனுப்பினேன். "எல்லாரும் சுகம்" என்று தவராசா ஒரு வரி போட்டிருந்தார். நான் கேட்டது அதை அல்ல.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் உனக்குப் பன்னிரண்டு வயது. பலகாரத் தட்டை நீதான் கொண்டு வந்தாய். பாலனைப் பின்னறைக்குள் விட்டு அம்மா கொக்கியைப் போட்டா. உள்ளே அவனுக்கு வந்துவிட்டது. கட்டில் சுவரில் இடிக்கிற சத்தம் விறாந்தை வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் தாய் என்னவென்று கேட்டா, அப்பா பூனை என்றார். ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்காமல் போனார்கள்.

கலியாணம் குழம்பினது உனக்கு நினைவிருக்கிறது. அதைத்தான் நீ இத்தனை வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாய். சுசிலா, நான் அந்த மனிதனை அதற்குப் பிறகு நினைத்ததேயில்லை. அவனுடைய முகம்கூட எனக்கு இப்போது வராது. நான் இங்கே வந்தேன், வேறு ஒருவரைக் கட்டினேன், அவரோடு நன்றாகவே வாழ்ந்தேன்.

எனக்கு நெஞ்சுக்குள் இருப்பது வேறு. அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் பாலன் தானே எழும்பிப் போவான். அம்மா கொக்கி போடத் தேவையில்லை. தானே சாத்திக்கொண்டு உள்ளே இருப்பான். தபால்காரன் மணி அடித்தாலும் போவான். "நல்ல பிள்ளை, சொல்லாமலே விளங்குது" என்று அம்மா எல்லோருக்கும் சொல்லுவா. நீ எழுதியதும் அதுதான்.

சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன பிறகு மருந்து கிடைக்காமல் அவன் செத்துப்போனான். மருந்துக்காக அப்பா நடக்காத நடையில்லை. உனக்கு மருந்து இருக்கிறது. பதினைந்து நிமிடத் தூரத்தில், ஒரு சதமும் இல்லாமல். நீ வாசலில் நிற்கிறாய், கிளறிற்றா பார்ப்பா என்று.

எனக்கு நடந்ததற்காக உன் பிள்ளையை ஒளிக்காதே. எனக்கு அது வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன், கோபத்தோடே இதைத் தபாலில் போடுகிறேன்.

அக்கா


ஹரோ
23.03.2025

அக்கா,

லக்‌ஷிகா உயிரோடு இருக்கிறாள், வீட்டில் இருக்கிறாள். இப்போது என் பக்கத்தில் கார்ட்டூன் பார்க்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன், மிச்சத்தை நீங்கள் பதறாமல் வாசிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை அவளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு நான் ஈஸ்ட் ஹாம் போனேன், இவரின் தங்கை வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குச் சேலை எடுக்க. இவர் கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனார், போனைக் காருக்குள் வைத்துவிட்டு. நான் திரும்பி வரும்போது ட்ரெயின் நிலத்துக்குக் கீழே. வெளிச்சத்துக்கு வந்ததும் போன் நிறுத்தாமல் துடித்தது.

வகுப்பில் ஆத்திசூடி சொல்லிக்கொண்டு நின்றவள் விழுந்திருக்கிறாள். இந்த முறை நிற்கவில்லை. ஒன்று முடிய முதல் இன்னொன்று. பிள்ளைகள் அலறியிருக்கிறார்கள். ரீச்சர் வாய்க்குள் கரண்டி வைக்கப் போனாவாம், கிளறிற்றாதான் தட்டிவிட்டு லக்‌ஷிகாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருக்கிறா. இடைவேளைக்குப் பற்றீஸ் பலகாரம் விற்க வந்தவ. தன் ஜக்கெற்றைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாவாம்.

அம்புலன்ஸ்காரர் கேட்டிருக்கிறார்கள், இந்தப் பிள்ளைக்கு முன்பும் இப்படி வந்ததா, மருந்து ஏதும் குடிக்கிறாளா என்று. ரீச்சருக்குத் தெரியாது. கிளறிற்றா உறுதியாகச் சொல்லியிருக்கிறா, "இல்லை, எனக்குத் தெரிஞ்ச பிள்ளை, எங்கட சேர்ஜரிதான். ஒரு வருத்தமும் இல்லை, இதுதான் முதல் தரம்" என்று. அவவுக்குத் தெரிந்ததைச் சொன்னா. அவவுக்குத் தெரியக்கூடாது என்று நான்தானே பாடுபட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூளைக்குள் கிருமி போயிருக்கிறதோ என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஊசி மேல் ஊசி, தலைக்கு ஸ்கான், அடுத்ததாக முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்க ஆயத்தம். நான் ஓடிப்போய் "வலிப்பு, அவளுக்கு வலிப்பு" என்று தமிழில் கத்தினேன். இங்கிலீஷ் வரவில்லை. ஒரு இளம் டாக்டர், தமிழ் தெரிந்த இந்தியப் பெண், அவவுக்கு விளங்கியது. கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினா. கத்தவில்லை, ஏசவில்லை. "இதில் பாருங்கள். உங்கள் மகள் ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளை. இதை நம்பித்தான் நாங்கள் இவ்வளவு நேரமும் ஓடினோம்" என்று சொன்னா.

பிறகு அவ கேட்ட கேள்வி, தை மாசக் கடிதத்தில் நீங்கள் கேட்டதுதான். மருந்து ஒழுங்காகக் கொடுத்தீர்களா?

இல்லை, அக்கா. தை மாசத்திலிருந்து இரவு மட்டும்தான் கொடுத்தேன். காலையில் கொடுப்பதை நிறுத்தினேன், இருப்பது கொஞ்ச நாள் கூட வரட்டும் என்று. அதற்குள் வேறு சேர்ஜரி பார்க்கலாம் என்று. இவருக்கும் தெரியாது. உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தது அதனால்தான். உங்களுக்குப் பொய் எழுத எனக்கு வராது.

அவள் கண் திறந்ததும் கேட்டது என்ன தெரியுமா? "அம்மா, எல்லாரும் பாத்திட்டினமோ? ஸொறி அம்மா." நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்ட்டில் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் உங்கள் கடிதம் கிடந்தது. இவர் நின்றபடியே வாசித்தார், பிறகு படியில் இருந்தார். பூனை என்று அப்பா சொன்ன இடத்தை இரண்டு தரம் வாசித்தார். "நான் டாக்டரிட்டைச் சொன்னதும் உதுதானே" என்றார்.

சுசிலா


டோர்ட்முண்ட்
02.04.2025

என் தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, கீழ்வீட்டுப் பிள்ளையின் தாய் கதவைத் தட்ட வருகிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதிருக்கிறேன். என் சத்தம் எனக்கே கேட்காது.

நான் ஏசுவேன் என்று காத்திருப்பாய். ஏச ஒன்றுமில்லை. நீ பிள்ளையைக் கொல்ல நினைக்கவில்லை, அம்மாவும் பாலனைக் கொல்ல நினைக்கவில்லை.

சேர்ஜரிக்குப் போனாயா? கிளறிற்றாவின் முகத்தைப் பார்த்தாயா? அதை மட்டும் எழுது. ஆவணியில் நான் வருகிறேன், பிரவின் டிக்கெற் எடுத்துத் தருகிறான். முழங்காலோடுதான் வருவேன், எண்ணெயும் கொண்டு வருவேன்.

அக்கா


ஹரோ
08.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வரும் நாளை லக்‌ஷிகா கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டிருக்கிறாள். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரியால் வந்த திங்கட்கிழமையே சேர்ஜரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி அறிக்கை எனக்கு முதலே அங்கே போய்விட்டது. கிளறிற்றா என்னைக் கண்டதும் மற்ற ஆட்களிடம் கேட்பதுபோலவே பிள்ளையின் பிறந்த திகதியைக் கேட்டா. பதிந்து முடித்துவிட்டு வெளியே என் பின்னால் ஓடி வந்தா. "சுசிலா, நான் அம்புலன்ஸ்காரருக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். என்னாலைதான் அவ்வளவு ஊசியும். நித்திரை வரேல்லை" என்று என் கையைப் பிடித்தா. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், அக்கா, கேட்டது அவ. நான் அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன், பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

கதை பரவாமல் இல்லை, வகுப்பே பார்த்தது. கோயிலில் ஒரு மனுசி "பொம்பிளைப் பிள்ளை, கவனம்" என்று காதுக்குள் சொன்னா. "ஓம், மருந்து கவனமாக் குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவும் பயந்தேன்.

இப்போது முன்னுக்கு என்.எச்.எஸ்., பின்னுக்கு இன்சூரன்ஸ். என்.எச்.எஸ். கிளினிக்கில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறோம், தோல் கதிரை இல்லை, இவர் புறுபுறுக்கிறார். ஆனால் வலிப்புக்கென்றே ஒரு நேர்ஸ் தந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் போய், தமிழ் வகுப்புக்கும் வந்து, விழுந்தால் என்ன செய்வதென்று எல்லோருக்கும் காட்டினா. கீழே படுத்து நடித்துக் காட்டியது லக்‌ஷிகா.

பாலன் அண்ணையைப் பற்றி அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் உங்களுக்குத் தானே எழுத வேண்டுமாம். எழுத்துப் பிழையை ரீச்சர் திருத்தியிருக்கிறா, மிச்சம் முழுக்க அவளுடையது.

சுசிலா


அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் லக்‌ஷிகா. நீங்கள் சுகமா? நான் சுகம்.

எனக்கு வலிப்பு இருக்கிறது. காலையும் இரவும் சிரப் குடிக்கிறேன். அது ருசி கூடாத ஸ்ட்ராபெரி மாதிரி. முதலில் நான் ஏதோ பிழை செய்தபடியால்தான் வந்தது என்று நினைத்தேன். அதனால்தான் அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை என்று நினைத்தேன். இப்போது அப்படி இல்லை என்று தெரியும். நேர்ஸ் மூளையின் படம் காட்டினா.

நேற்று கிளறிற்றா அன்ரியும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். பெல் அடித்ததும் நான் படியில் ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று தெரியாது. அம்மா சமையலறையில் இருந்து வந்து படிக்குக் கீழே நின்றா. கையை நீட்டினா. நான் இறங்கி வந்து கதவைத் திறந்தேன்.

பாலன் மாமாவுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்? அம்மாவுக்குத் தெரியாதாம். நீங்கள் வரும்போது எனக்குச் சொல்லுங்கள். உங்களுக்குக் காது கேட்காது என்று தெரியும், நான் சத்தமாகக் கேட்பேன்.

எனக்குப் புதிதாகத் தெரிந்த ஆட்களுக்கு முதலில் என் வருத்தத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது முதலே தெரியும். அதனால் நாங்கள் வேறு கதை கதைக்கலாம்.

அன்புடன்
லக்‌ஷிகா தவராசா